வடமும் முட்டுக்கட்டையும்

போன தை மாதம், பொங்கல் முடிந்து ஊர் அடங்கிய ஒரு ராத்திரியில் அண்ணன் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். "சித்தப்பா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. காலேஜ்ல சியர் டீம்ல சேர்ந்திருக்கேன்" என்றாள். விளையாட்டு விழாவில் தங்கள் துறை அணி களத்தில் இருக்கும்போது, கோட்டுக்கு வெளியே ஆடி, ஒருத்தி தோள்மேல் ஒருத்தி ஏறி நின்று, கூட்டத்தைக் கிளப்பிவிடுகிற குழு. "ஆடறது, தூக்கறது எல்லாம் பழகிடுச்சு. கத்தறதுதான் சரியா வரல. நான் கத்தினா கூட்டம் எழுந்திருக்கவே மாட்டேங்குது. இதுல எப்படி முன்னேறது? நீங்க எழுதறவராச்சே, ஏதாவது நல்ல வாசகமா சொல்லிக் கொடுங்களேன்."

நான் சிரித்துவிட்டேன். "ஜால்ரா அடிக்கறதுக்குப் பயிற்சி வேறயா?" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்: "நீங்க யாருக்காகவும் கத்தினதே இல்லையா சித்தப்பா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல்தான் இருந்தது. "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கத்தியிருக்கிறேன். ஒரு தரம் நன்றாகவே கத்தியிருக்கிறேன். அதன் கணக்கை இதுவரை யாரிடமும் ஒப்புவித்ததில்லை.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். பிறரை உற்சாகப்படுத்துகிறவனைக் குறிக்க நம்மிடம் புழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். ஜால்ரா அடிக்கிறவன், ஒத்து ஊதுகிறவன், தாளம் போடுகிறவன், பின்பாட்டு பாடுகிறவன். எல்லாமே வசவு. எல்லாமே கச்சேரியிலிருந்தும் கூத்திலிருந்தும் வந்தவை. ஆனால் அந்தந்த இடத்தில் இவர்களில் ஒருவரும் இளப்பமானவர் இல்லை. ஒத்து நின்றுபோனால் நாதஸ்வரக்காரருக்குச் சுருதி இல்லை. பின்பாட்டு தவறினால் விடிய விடிய ஆடுகிற கூத்துக்காரனுக்கு மூச்சு வாங்க இடமில்லை. சதிர் மேடையில் நட்டுவனார் கையிலிருக்கும் தாளம்தான் ஆடுகிறவரின் காலையே நடத்துகிறது. அது ஆமாம் போடுவதில்லை, உத்தரவு போடுகிறது.

எங்கள் ஊர்க்காரர் காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை (1889-1934) கச்சேரிக்கு உட்கார்ந்தால் மிருதங்கத்தோடு நிறுத்தமாட்டார். கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பெரிய பட்டாளமே மேடையில் இருக்கும். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே அதற்குப் பெயர். பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிற பாடகர் அத்தனை பேரைக் கூட்டிக்கொள்ளமாட்டார். லயத்தில் தன்னை மடக்கக்கூடியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடியவர் அவர். பக்கவாத்தியம் என்பதற்கு நான் புரிந்துகொண்டிருக்கும் அர்த்தம் இதுதான்: உன் பக்கம் இருக்கிறேன், ஆனால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

பிறகு எப்படி இந்தச் சொற்களெல்லாம் வசவாயின? அரசியல் மேடைகளைப் பார்த்துப் பார்த்து நாம் அப்படி ஆக்கிக்கொண்டோம் என்று தோன்றுகிறது. தாளம் போடுகிறவன் பாட்டைக் கவனிக்காமல் சன்மானத்தைக் கவனிக்கத் தொடங்கினால் அவன் ஜால்ரா. தப்பு தாளத்தின்மேல் இல்லை, கண் போகும் இடத்தில் இருக்கிறது. அந்த ராத்திரியில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். மீதி பிறகுதான் வந்தது.

மறுவாரம், கிண்டல் செய்த குற்ற உணர்ச்சியில், அவள் சேர்ந்திருக்கும் கலையைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது பெங்களூரு அணிக்காக அமெரிக்காவிலிருந்து ஆட்டக்காரிகள் வந்து இறங்கியதும், அதை ஒட்டி நாடு முழுக்க நடந்த கூச்சலும்தான். எங்கள் தெருவில் தறியை நிறுத்திவிட்டு அதைப் பேசினார்கள். அவர்கள் உடுப்பைப் பற்றித்தான் பேச்சு. என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை, நானும்தான்.

இது பெண்கள் தொடங்கிய காரியம்கூட இல்லை. 1898 நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்து அணி தோற்றுத் தோற்றுத் துவண்டிருந்த சமயம், ஜானி கேம்பெல் என்ற மாணவர் எழுந்து வந்து கூட்டத்தின் முன்னால் நின்று கோஷத்தை நடத்தினார். சியர்லீடிங்கின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் உள்ளே வந்தது 1923-ல். இன்றைக்கு அது தனி விளையாட்டு. 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதன் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது.

இதில் என்னை நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். கேம்பெல் கூட்டத்தைப் பார்த்து நின்றார். கத்துகிற ஆயிரம் பேரும் களத்தைப் பார்க்க, அவர் மட்டும் களத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்தப் பெயரிலேயே அது இருக்கிறது. சியர் பண்ணுகிறவர் இல்லை, சியருக்குத் தலைமை தாங்குகிறவர். சத்தம் கூட்டத்துடையது. அதைத் தொடங்குவதும் ஏற்றுவதும் இறக்குவதும் நிறுத்துவதும் இவர் பொறுப்பு. ஆட்டக்காரர் ஒருவர் அடிபட்டு விழுந்தால் குழு அந்த நொடியே அமைதியாகிவிட வேண்டும், அவர் எழுந்து வெளியே போகும்வரை கோஷம் கூடாது என்பது அங்கே சின்ன வகுப்புகளிலேயே சொல்லித் தருகிற ஒழுங்கு.

இதைப் படித்தபோதுதான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

1996 காணும் பொங்கல். தெருக்களுக்கு இடையிலான கபடி. எனக்கு இருபது வயது. எங்கள் அணியில் பாடிப்போகிறவன் என் கூட்டாளி. அடுத்தடுத்த வீடு, அடுத்தடுத்த தறி. முதல் பாதியிலேயே அவன் வலது முட்டி பிசகிவிட்டது. ஓரமாக உட்கார்ந்து துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். தலைவன் அவனைப் பார்த்தான். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

யாரோ அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அப்புறம் எல்லாரும் கத்தினார்கள். இருநூறு பேர் இருப்போம். நான் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் இரண்டு கையையும் தூக்கி, "எழுந்திருடா! நீ போனா முடிஞ்சுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கைதட்டலை நான்தான் வரிசைப்படுத்தினேன். என் தட்டலுக்கு இருநூறு பேரும் தட்டினார்கள். வாழ்க்கையில் அதுபோல் ஒரு கூட்டம் என் கைக்குள் இருந்ததில்லை. அந்த சுகம் இன்னும் ஞாபகமிருக்கிறது. அதை மறைப்பதற்கில்லை.

அவன் எழுந்து போனான். ஒருவனைத் தொட்டான். திரும்பும்போது கணுக்காலைப் பிடித்தார்கள், உடம்பு ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமும் திரும்பியது. அவன் அலறியதும் கூட்டத்தின் ஆரவாரமும் ஒன்றாகவே கேட்டன. சத்தம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. பத்து நிமிடத்தில் அடுத்த ஆட்டம் தொடங்கியது. வேறொரு பேரைச் சொல்லி அதே கூட்டம் கத்தியது.

குழித்தறி நெய்கிறவனுக்கு முட்டி என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதியை அமுக்க அமுக்கத்தான் பாவு பிரியும். தலைக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியின் பாரமும் காலுக்குத்தான் வரும். ஒரு புடவைக்குப் பல ஆயிரம் மிதி. அவன் முட்டி அதற்குப் பிறகு அப்படி மடங்கவில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டுத் தறியை விற்றான். பட்டுக் கடை ஒன்றில் கணக்கு எழுதப் போனான். இப்போதும் எங்கள் தெருவில்தான் இருக்கிறான். சாய்ந்து சாய்ந்து நடப்பான். வாரத்தில் மூன்று நாள் டீக்கடையில் பார்த்துக்கொள்வோம். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

இதில் என் தப்பு எவ்வளவு? இந்தக் கேள்வியை எனக்கு வசதியான எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறேன். நான் தள்ளிவிடவில்லை. போக முடிவெடுத்தது அவன். பிடித்தது எதிரணி. என் குரல் இருநூறில் ஒன்று. சட்டம் என்றால் விடுதலைதான். ஆனால் இருநூறு பேரும் இப்படியே கணக்குப் போட்டால் முட்டி தானாகவே உடைந்தது என்று ஆகிவிடும். கூட்டத்தின் பெரிய சௌகரியமே இதுதான். சத்தத்தில் நமக்கு முழுப் பங்கு, விளைவில் இருநூறில் ஒரு பங்கு.

உற்சாகம் என்பது எப்போதும் நல்லது என்கிற நம்பிக்கைக்கும் ஆதாரம் பலமாக இல்லை. கேம்பெல் கூட்டத்தின் முன்னால் நின்ற அதே 1898-ல், நார்மன் ட்ரிப்லெட் என்ற அமெரிக்கர் நாற்பது குழந்தைகளிடம் மீன்தூண்டிலின் நூல் ராட்டையைக் கொடுத்துத் தனியாகவும் போட்டியாகவும் சுற்றச் சொல்லிப் பார்த்தார். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் தார் சுற்றுவதுபோலத்தான். இருபது பேர் போட்டியில் வேகமானார்கள். பத்துப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்துப் பேர் பதற்றத்தில் மெதுவானார்கள். 1960-களில் ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பார்க்க ஆள் இருந்தால், நன்றாகப் பழகிய வேலை இன்னும் நன்றாக வரும். பழகாத, சிக்கலான வேலை கெட்டுப்போகும். கரப்பான்பூச்சிகளை வைத்துக்கூடச் சோதித்தார். மற்றக் கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நேர்ப்பாதையில் வேகமாக ஓடின, திருப்பமுள்ள பாதையில் தடுமாறின.

கொரோனாவின்போது ஐரோப்பாவில் ஆளில்லாத மைதானங்களில் கால்பந்து ஆடினார்களே, அதை ஆராய்ந்தவர்கள் பலர் சொன்னது இன்னும் வேடிக்கை. கூட்டம் இல்லாதபோது வெளியூர் அணிக்கு நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டுவது குறைந்திருந்தது. அப்படியானால் இத்தனை நாள் உள்ளூர்க் கூட்டம் போட்ட சத்தத்தில் ஒரு பகுதி ஆட்டக்காரர்களைத் தூக்கிவிட்டதைவிட நடுவரை மிரட்டியிருக்கிறது.

ஆகவே கத்துவது வெறும் நல்லெண்ணம் இல்லை. அது ஒரு விசை. தேர்வடம் மாதிரி. எங்கே இழுக்கிறோம் என்று தெரிந்துதான் இழுக்க வேண்டும்.

நல்ல கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன், டி.வி.யில். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானோடு டெஸ்ட். 271 எடுக்க வேண்டும். டெண்டுல்கர் முதுகுவலியோடு நின்று 136 அடித்தார். அவர் அவுட்டான பிறகு மடமடவென்று மற்ற விக்கெட்டுகளும் விழுந்து 12 ரன்னில் தோற்றோம். டீக்கடையில் எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். அப்போது அந்தக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்கு. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கைதட்டல் அவர்களோடு சேர்ந்து சுற்றியது. கார்கில் போருக்குச் சில மாதங்கள் முன்பு. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது. ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, நம்மவன் தோற்றான் என்பதோடு, எதிரில் இருந்தவன் நன்றாக ஆடினான் என்பதும் தெரிந்திருந்தது. நம்மவனை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது.

சரி, பொய் சொல்லி உற்சாகப்படுத்தலாமா? இதுதான் இந்த விஷயத்தில் கஷ்டமான கேள்வி. நான் பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பில் நாலு பிள்ளைகளாவது, "சார், நான் பாஸ் ஆயிடுவேனா?" என்று கேட்பார்கள். அதில் இரண்டு பேராவது ஆகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். "கண்டிப்பா ஆயிடுவே" என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தேன். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே என்று சமாதானமும் வைத்திருந்தேன். ஆனால் 'குற்றமில்லாத' என்பதை யார் உறுதி செய்வது? தோற்ற பிள்ளை என் முகத்தில் விழிக்காமல் தெரு மாறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் தோற்றது ஒன்று, என் வாக்கைப் பொய்யாக்கிவிட்டோம் என்ற நினைப்பு இன்னொன்று. நான் கொடுத்த தைரியம் அவன் தலையில் இரண்டாவது சுமையாக ஏறியிருந்தது.

நம் பழைய மரபு இதில் கெட்டியாகவே இருந்திருக்கிறது. வாயுறை வாழ்த்து என்று ஒரு வகையைத் தொல்காப்பியம் சொல்கிறது. வேம்பு போலக் கசந்தாலும் பின்னால் நன்மை தரும் சொல்லுக்கு வாழ்த்து என்று பேர். அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்த கதை புறநானூற்றில் இருக்கிறது. உன் வேல்கள் மாலை சூடி, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவள் சொன்னதாகப் பொருள். கேட்க அவன் ஆயுதத்தைப் புகழ்ந்த மாதிரி இருக்கும். போருக்குப் போகாதே, உனக்குப் பழக்கமில்லை என்பதுதான் அதற்குள் இருக்கும் செய்தி. தொண்டைமான் எங்கள் பக்கத்து அரசன் என்பதால் எனக்குக் கொஞ்சம் ரோஷம் உண்டு. ஆனாலும் ஒருவனைத் தோல்வியிலிருந்தும் சாவிலிருந்தும் காப்பாற்றப் பார்க்கிற பாராட்டு அது.

இப்போது பிள்ளைகளிடம் வேறு மாதிரி சொல்கிறேன். "நீ ஜெயிச்சிடுவே" என்பது எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிய வாக்கு. என் கையில் இல்லாததை நான் கொடுக்கக்கூடாது. "நான் இங்கதான் இருக்கேன், சாயங்காலம் வா, அந்தக் கணக்கை இன்னொரு தரம் போடலாம்" என்பது என் கையில் இருப்பது. கேட்க அத்தனை கம்பீரமாக இருக்காது. ஆனால் ரிசல்ட் வந்த மறுநாளும் செல்லுபடியாகும்.

இதை நான் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, அப்பாவின் தறியில். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா. நெய்கிறவர் ஒரு பக்கத்துக் கரையையும் உடலையும் பார்த்துக்கொள்வார். அடுத்த பக்கத்துக் கரைக்கு ஒரு துணை ஆள் வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பையன். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் தறிகளில் குழந்தைகளின் படிப்பு பாழானதே இந்த இடத்தில்தான். அதை நான் மெச்சவில்லை. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்து கற்றது ஒன்று உண்டு. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் தட்டுக்கு என் நாடா போய்ச் சேர வேண்டும். முந்தினால் நூல் தொங்கும், பிந்தினால் அவர் காத்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. அவர் அலுத்துவிட்டார் என்பது மிதிச்சத்தத்திலேயே தெரியும். அப்போது நான் கொஞ்சம் நிறுத்தி, "தண்ணி குடிக்கட்டுமாப்பா?" என்பேன். தண்ணீர் எனக்கில்லை என்று இருவருக்கும் தெரியும்.

கபடிக் கோட்டில் நின்றபோது இதை மறந்துவிட்டேன்.

வைகாசியில் அண்ணன் மகள் ஊருக்கு வந்தாள். வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் கருட சேவை, ஏழாம் நாள் தேர். தேர் பார்க்க இருவரும் சின்ன காஞ்சிபுரம் போனோம். வடத்தைப் பிடித்து ஆயிரம் பேர் இழுக்கிறார்கள். கோஷம் வானத்தைப் பிளக்கிறது. அவள் வடத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு குனிந்தே ஓடுகிற ஆட்களைப் பார்த்தாள். "சித்தப்பா, அவங்க என்ன பண்றாங்க? நசுங்கிட மாட்டாங்களா?"

முட்டுக்கட்டை போடுகிறவர்கள் என்றேன். தேரை நேராக்குவதும், மூலையில் திருப்புவதும், வேகம் மிஞ்சினால் நிறுத்துவதும் அவர்கள்தான். இழுக்கிறவர்களுக்குத் தேரின் முகம்கூடத் தெரியாது. முதுகுக்குப் பின்னால்தான் வருகிறது. தேரைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் கட்டைக்காரர்கள் மட்டும்தான். சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. 'முட்டுக்கட்டை போடாதே' என்பதையும் நாம் வசவாகத்தான் வைத்திருக்கிறோம். அந்தக் கட்டை இல்லையென்றால் ஆயிரம் பேரின் பக்தியே தேரைக் கடைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

"எங்க பேக்ஸ்பாட் மாதிரி" என்றாள் அவள். அவர்கள் குழுவில் மேலே ஏறி நிற்பவள் ஃப்ளையர். கீழே பாதத்தைத் தாங்குபவர்கள் பேஸ். பின்னால் ஒருத்தி நிற்பாள், பேக்ஸ்பாட். கூட்டம் அவளைப் பார்ப்பதே இல்லை. மேலே இருப்பவளின் தலையையும் கழுத்தையும் காப்பது அவள் வேலை. அவள் சிரிக்க வேண்டாம், கூட்டத்தைப் பார்க்கவும் கூடாது. மேலே இருப்பவள் மேல்தான் கண். அவள் இரண்டு காலும் தரையில் பட்டபிறகுதான் கையை எடுக்கலாம். "நான்தான் சித்தப்பா பேக்ஸ்பாட்" என்றாள். "அதனாலதான் என்னால கூட்டத்தைக் கிளப்ப முடியலையோ என்னமோ."

சாயங்காலம் பிள்ளையார்பாளையம் திரும்பினோம். டீக்கடையில் கூட்டாளி உட்கார்ந்திருந்தான். அவளை விசாரித்தான். அவள் ஒளிக்காமல் சியர் டீம் கதையைச் சொன்னாள். அவன் சிரித்து, "உங்க சித்தப்பனைக் கேளு. அதுல பெரிய ஆளு அவன்" என்றான்.

இருபத்தெட்டு வருடத்துக்குமேல் ஆகிவிட்டது. நான் அவனைப் பார்க்காமல் சொன்னேன்: "அன்னிக்கு நான் கத்தியிருக்கக் கூடாதுடா."

அவன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான். "நீ கத்தினது எங்கடா கேட்டுது? எல்லாம் ஒரே சத்தம். உன் மூஞ்சியைத்தான் பார்த்தேன். நீ வேணாம்னு தலையாட்டியிருந்தா உட்கார்ந்திருப்பேன். நீ என்னைப் பார்க்கவே இல்ல. பாயிண்ட் எழுதற பலகையைப் பார்த்துக்கிட்டிருந்தே."

கோபமில்லை அதில். மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னான். பிறகு அவளிடம், எத்தனை பேர் டீமில், யார் மேலே ஏறுவது என்று கேட்கத் தொடங்கிவிட்டான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் அதையும் எனக்காகவே கேட்டதாகிவிடும்.

வீட்டுக்குத் திருமேற்றளித் தெரு வழியாகப் போனோம். எங்கள் பேட்டைக்குப் பேர் வந்ததே ஆளுடைய பிள்ளையாரான சம்பந்தர் வந்ததால்தான் என்பார்கள். அவர் பாட, தவத்தில் நின்ற திருமால் அதைக் கேட்டு உருகி லிங்கமானார், பாதம் மட்டும் உருகாமல் நின்றது என்பது தலக்கதை. ஓத உருகீசர் என்று சுவாமிக்குப் பேர். இத்தலத்துக்கு அப்பர் பாடியதும் சுந்தரர் பாடியதும் இருக்கின்றன. உருக்கியதாகச் சொல்லப்படும் சம்பந்தர் பாட்டு கிடைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது. ஒருவரை அப்படியே உருக்கிவிடக்கூடிய சக்தி பாட்டுக்கு, புகழ்ச்சிக்கு, கூட்டத்தின் குரலுக்கு உண்டு. எவ்வளவு உருக்கினாலும் நிற்பதற்குக் காலை விட்டுவைக்க வேண்டும். என் கூட்டாளிக்கு நான் அதைத்தான் செய்யவில்லை.

அவள் வாசகம் கேட்டாளே, அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் சொன்னேன். அடிவயிற்றிலிருந்து கத்து, தொண்டையிலிருந்து கத்தாதே. சின்னச் சின்ன வார்த்தையாக வைத்துக்கொள், கூட்டம் கூடவே வரும். ஆட்டம் தெரிந்துகொண்டு கத்து. எதிர் அணிக்காரி நன்றாக ஆடினால் அவளுக்கும் ஒரு தட்டு தட்டு. நீ ஜெயிப்பாய் என்று கத்துவதைவிட, அவள் பேரைச் சொல்லிக் கத்து. கத்துவதற்கு முன்னால் ஒரு தரம் அவள் முகத்தையும் காலையும் பார்த்துக்கொள். வேண்டாம் என்று அவள் தலையாட்டினால் கையை இறக்கு, கூட்டத்தையும் இறக்கு. அதற்குக் கத்துவதைவிடப் பெரிய தொண்டை வேண்டும்.

"இதெல்லாம் எங்க கோச்சே சொல்லியிருக்காங்க சித்தப்பா" என்றாள். "வாசகம்தான் கேட்டேன்."

வாசகம் எனக்கு வரவில்லை. பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள். பஸ் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.